அண்ணனுக்கு வந்த வாக்கு

எங்கள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு ஆங்கில இலக்கிய வகுப்புக்கு ஒரு பழைய துன்பியல் நாடகம் பாடமாக இருக்கிறது. அந்த வகை நாடகங்களில் எல்லாம் கதை ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல வீரன் ஒருவனிடம் யாரோ வந்து நடக்கப்போவதைச் சொல்வார்கள். அவன் அதை நம்புவான். நம்பியதாலேயே அழிவான். பன்னிரண்டு வருடமாக இதை நடத்தி வருகிறேன். முதல் பத்து வருடம் ரசித்து நடத்தினேன். கடைசி இரண்டு வருடமாக அந்தப் புத்தகத்தைத் திறந்த வேகத்தில் மூடி வைத்துவிடுகிறேன். துக்கத்தில் மூடுவதாக ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது கோபம்.

போன பருவத் தேர்வில் ஒரு மாணவி எழுதியிருந்தாள்: 'தெய்வ வாக்கு நடந்தே தீரும். ஆகவே நாயகன் மேல் குற்றமில்லை, சொன்னவர்கள் மேலும் குற்றமில்லை.' சிவப்பு மையால் அதன் குறுக்கே கோடு போட்டேன். போட்ட வேகத்தில் தாள் கிழிந்துவிட்டது. அந்தப் பெண் கிழிந்த தாளை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்து நின்றாள்.

"மேம், கைடுல அப்படித்தான் போட்டிருக்கு."

"அந்தக் கைடு எழுதினவன திரேஸ்புரத்துக்குக் கூட்டிட்டு வா. எங்க அண்ணனைக் காட்டுதேன். காட்டுன பிறகு யாரு மேலயும் குத்தமில்லன்னு சொல்லட்டும்," என்றேன்.

வகுப்பில் நான் ஊர்ப் பேச்சுப் பேசுவதில்லை. அன்றைக்கு அது தானாக வந்தது. அவள் பயந்துபோய் அழுதாள். அவளுக்கு முழு மதிப்பெண் போட்டு அனுப்பிவிட்டேன். எழுதியதற்குப் போடவில்லை, என் கோபத்தைப் பார்த்ததற்குப் போட்டேன். அவளிடம் சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

என் அண்ணன் தூத்துக்குடித் திரேஸ்புரத்தில் சங்குகுளி, கடலடியில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர். என்னைவிடப் பதினோரு வயது மூத்தவர். அப்பா காய்ச்சலில் போனபோது ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கடலில் இறங்கினார். நான் கல்லூரிக்குப் போனதும், இப்போது கல்லூரியில் நிற்பதும் அவர் மூச்சடக்கிச் சம்பாதித்தது. ஆரம்பத்தில் வெறும் மூச்சில்தான் குளித்தார். பிறகு கம்ப்ரசர் வந்தது. படகில் எஞ்சின் ஓடும், அதிலிருந்து நீளமான டியூப் வழியாகக் காற்று கீழே போகும், குளிக்கிறவர் அதை வாயில் கவ்விக்கொண்டு அடிமணலில் நடந்து சங்கு பொறுக்குவார். மேலே ஒருவர் டியூபைக் கையில் பிடித்தபடி இருப்பார். கீழே இருக்கிறவரின் உயிர் அவர் கையில். அண்ணனுக்குப் பதினெட்டு வருடமாக டியூப் பிடித்தவர் அவருடைய சிநேகிதர். சொந்தமில்லை என்றாலும் இருவரும் மச்சான் என்றே கூப்பிட்டுக்கொள்வார்கள். என்னை அவர் தங்கச்சி என்பார்.

காற்றைக் குடித்துக்கொண்டு ஆழத்தில் வெகுநேரம் நின்றுவிட்டு சட்டென்று மேலே வந்தால், உடம்புக்குள் ஏறிய காற்று இரத்தத்திலேயே குமிழிகளாகிவிடும். கை மூட்டில் வலிக்கும். அதை மதிக்காமல் மறுபடி இறங்கினால் முதுகுத்தண்டைப் பிடிக்கும். எங்கள் கரையில் கால் இழுத்துக்கொண்டு நடக்கிறவர்களை எண்ணினால் இரண்டு கை விரல் போதாது. அண்ணன் அவர்களைப் பார்த்தே வளர்ந்தவர். அதனால் கடலில் அவரைப்போலப் பயந்தவர் கிடையாது. ஆழமான பார் என்றால் ஒரு நாளைக்கு மூன்று முறைக்கு மேல் இறங்கமாட்டார். கடலடியில் இருக்கும் பாறைத் திட்டைத்தான் நாங்கள் பார் என்போம். மேலே வரும்போது நடுவில் நின்று நின்று வருவார். மற்றவர்கள் கேலி செய்தால், "பயந்தவன்தாம்லே பேரப்பிள்ளை எடுப்பான்" என்பார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு உள்ளுக்குள் ஒரே ஒரு குறை இருந்தது. நாற்பத்தாறு வயதாகியும் அவர் இன்னொருவர் படகில் கூலிக்குக் குளிக்கிறவர். அவரிடம் தொழில் பழகியவர்கள் இரண்டு மூன்று பேர் படகு வாங்கிவிட்டார்கள். கல்யாண வீடுகளில் அவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருக்க, இவர் பந்தலுக்கு வெளியே நின்று பேசிக்கொண்டிருப்பார். வாய்விட்டு ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் எனக்குத் தெரியும். மைனிக்கும் தெரியும்.

மைனி என்றால் அண்ணனின் மனைவி. தலைவலிக்காக ஜெபிக்க என்று யாரோ அவரை ஒரு ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனார்கள். உப்பு லாரிகள் நிற்கிற ரோட்டில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடி. நடத்துகிறவர் தன்னை ஊழியக்காரர் என்றுதான் சொல்லிக்கொள்வார். வெள்ளைச் சட்டை, நல்ல குரல், எல்லோரையும் பெயர் சொல்லாமல் சகோதரன் சகோதரி என்று அழைக்கும் பழக்கம். மைனி போனார், பிறகு அண்ணன் போனார். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் பூசை கண்டுவிட்டு நேரே அங்கே போவார்கள். நான் ஒரே ஒரு முறை கூடப் போனேன். போயிருக்கக் கூடாது.

காலை பத்து மணி. மின்விசிறிகள் சுற்ற, கீபோர்டு வாசிக்க, முன் வரிசையில் ஒருவர் எல்லாவற்றையும் போனில் பிடித்துக்கொண்டிருந்தார். ஊழியக்காரர் கண்ணை மூடி, கையை உயர்த்தி, "கடலில் இறங்குகிற ஒரு சகோதரன் இங்கே இருக்கிறான். ஆவியானவர் எனக்குக் காட்டுகிறார்" என்றார்.

இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன். தூத்துக்குடியில் கூட்டம் போட்டுவிட்டு, இங்கே கடலில் இறங்குகிறவன் ஒருவன் இருக்கிறான் என்று சொல்ல மேலேயிருந்து ஆவியானவரா இறங்கி வர வேண்டும்? கல்லை எறிந்தால் அவன் மேல்தான் விழும். அண்ணன் எழுந்து நின்றார்.

ஊழியக்காரர் அவர் தலையில் கைவைத்து மூன்று வாக்குச் சொன்னார். கடல் தன் உள்ளங்கையை உனக்குத் திறக்கும். கடல் உன் உயிரை எடுக்காது. மனுஷர் உன்னைத் தங்கள் தோளின்மேல் சுமந்து கரையேற்றுவார்கள், அன்றுமுதல் நீ உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வந்து சேரும்.

அண்ணன் அழுதார். அப்பா செத்தபோதுகூட அவர் அழுது நான் பார்த்ததில்லை.

வீட்டுக்கு வந்து குசினியில் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து காப்பி குடிக்கும்போது என்னைக் கேட்டார். "ஏளா, நீ படிச்சவ. இந்த மாதிரி வாக்கெல்லாம் வார நாடகம் பாடம் எடுக்கேன்னு சொல்லுவியே. தோள்ல தூக்குறதுன்னா என்ன அர்த்தம்?"

இந்த இடத்தை எழுதத்தான் எனக்கு இரண்டு வருடம் ஆனது. நான் அந்த நாடகங்களை வரி வரியாகப் படித்தவள். அவற்றில் வரும் வாக்குகளுக்கு எப்போதும் இரண்டு அர்த்தம் உண்டு, கேட்கிறவன் தனக்கு இனிக்கிற அர்த்தத்தை எடுத்துக்கொள்வான் என்று அந்த வாரம்தான் கரும்பலகையில் எழுதிப் போட்டிருந்தேன். அதை அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். "இதெல்லாம் சும்மா" என்றாவது சொல்லியிருக்கலாம். அழுது சிவந்த கண்ணோடு அவர் கேட்டபோது, அவரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. படித்தவள் என்று கேட்டது எனக்கும் குளிர்ந்தது.

"சங்கத் தேர்தல்ல ஜெயிக்கிறவங்களத் தோள்ல தூக்கிட்டுப் போவாங்கல்லா? ஒருவேளை நீங்க தலைவராவீங்களோ என்னவோ" என்றேன். சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "ஆமா" என்றார்.

மூன்று வாரம்கூட ஆகவில்லை. அண்ணனுக்கு ஒரு வலம்புரி கிடைத்தது. சங்கெல்லாம் இடம்புரியாகத்தான் கிடைக்கும். வலப்பக்கம் சுழி திரும்பிய சங்கு ஆயுளில் ஒரு முறை கண்ணில் பட்டாலே அதிர்ஷ்டம். அண்ணன் முப்பத்தொரு வருடம் குளித்திருக்கிறார். நாள் தவறாமல் தேடுகிறவனுக்கு ஒருநாள் கிடைப்பதில் என்ன அதிசயம்? ஆனால் அந்த மூன்று வாரத்துக்குள் கிடைத்ததுதான் அவரைக் கெடுத்தது. கடல் உள்ளங்கையைத் திறந்துவிட்டதாம். உண்மையைச் சொல்கிறேன், ஈரச் சாக்கில் சுற்றி அதை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டிய அன்று எனக்கே உடம்பு சிலிர்த்தது. நானும் ஒரு நாள் முழுக்க நம்பினேன்.

அந்தச் சங்கை விற்ற பணத்தில் அவரும் சிநேகிதரும் சேர்ந்து ஒரு ஃபைபர் படகு வாங்கினார்கள். அதுவரை நல்லதுதான். அதோடு நின்றிருந்தால் நானே அந்த மாடிக்குப் போய் நன்றி சொல்லியிருப்பேன்.

அண்ணன் மாறிவிட்டார். தன் தலையில் கைவைத்து வாக்குச் சொன்ன வீடியோவைப் போனில் வைத்துக்கொண்டு கரையில் எல்லோருக்கும் காட்டினார். எத்தனை முறை இறங்கினோம் என்று எண்ணுவதை விட்டார். மேலே வரும்போது நடுவில் நிற்பதை விட்டார். கேட்டால் ஒரே பதில்: "கடல் என் உயிர எடுக்காதுன்னு வாக்கு இருக்குலே." சங்குகுளிகள் சங்கத்துக்குத் தேர்தல் வந்தது. நிற்கிறேன் என்றார். மைனி வேண்டாம் என்றதும் அவரிடம் கத்திவிட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார். இருபது வருடமாகக் குரல் உயர்த்தாத மனிதர் அவர்.

ஒருநாள் மாலை அவருடைய சிநேகிதர் எனக்குப் போன் செய்தார்.

"தங்கச்சி, ஒங்க அண்ணன் தெக்க இருக்க ஆழப் பாருக்குப் போவணும்னு நிக்கான். அங்கன யாரும் போவ மாட்டாவ. போய் சங்கு அள்ளிட்டு வந்து காட்டுனா தேர்தல்ல எல்லாரும் தன் பக்கம் வந்துருவாவளாம். முழங்கையில வலி இருக்கு அவனுக்கு. மறைக்கான். நீ சொன்னா கேப்பான்."

நான் அன்றே போனேன். அண்ணன் வாசலில் உட்கார்ந்து டியூபில் ஒட்டுப் போட்டுக்கொண்டிருந்தார். கையை நீட்டுங்கள் என்றேன். நீட்டினார். முழங்கையை மடக்கும்போது முகம் சுருங்கியது.

"இது என்னன்னு ஒங்களுக்குத் தெரியாதா அண்ணே? எனக்கே தெரியுது. ஆஸ்பத்திரிக்குப் போவோம். ஒரு மாசம் கடலுக்குப் போவாண்டாம்."

"ஒரு மாசத்துல தேர்தல் முடிஞ்சிரும்."

"முடியட்டும்."

"ஏளா, தோள்ல தூக்குவாங்கன்னு அர்த்தம் சொன்னது நீதான. இப்ப நீயே மறிக்க?"

அப்போது அவர் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்க வேண்டும். டியூபை அரிவாளால் வெட்டிப் போட்டிருக்க வேண்டும். நான் செய்தது என்ன? கோபித்துக்கொண்டு பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். படித்தவர்கள் கோபம் அவ்வளவுதான்.

அதற்கடுத்த செவ்வாய்க்கிழமை நடந்ததைச் சிநேகிதர்தான் எனக்குச் சொன்னார். தெற்குப் பாரில் முதல் மூன்று முறை நிறையச் சங்கு கிடைத்திருக்கிறது. மூன்றாவது முறை மேலே வந்ததும் அண்ணன் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

"மச்சான், இது கடல் குடுக்கிற நோட்டீசு. போதும், கரைக்குப் போவோம்."

"இன்னும் ஒரு பை."

"நான் டியூப் பிடிக்க மாட்டேன்."

"நீ பிடிக்காண்டாம். எனக்குப் பிடிக்க வேற ஆளு இருக்கு," என்று வானத்தைக் காட்டியிருக்கிறார். பதினெட்டு வருடச் சிநேகிதரிடம் சொன்ன வார்த்தை அது. சிநேகிதர் அதற்குப் பிறகும் டியூபைக் கீழே போடவில்லை. அண்ணன் நான்காவது முறை இறங்கினார். ஐந்தாவது முறையும் இறங்கினார். ஐந்தாவதில், டியூபைச் சுண்டிச் சுண்டி 'மெதுவாக வா' என்று சைகை காட்டியும், நேராக மேலே வந்துவிட்டார். படகில் ஏறி நின்று பையைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாராம். பிறகு காலில் எறும்பு ஊர்கிறது என்றாராம். பிறகு உட்கார்ந்தார். எழுந்திருக்க முடியவில்லை.

எனக்குப் போன் வந்தபோது மதியம் இரண்டாவது பீரியட். ஆட்டோ பிடித்துக் கரைக்கு வந்தேன். படகு அப்போதுதான் கரையை நெருங்கிக்கொண்டிருந்தது. கரையில் பாதி ஊர் நின்றது. தண்ணீருக்குள் நான்கு பேர் இறங்கி அண்ணனைத் தூக்கினார்கள். நீரில் நடக்கக் கஷ்டமாக இருந்ததால் தோளின்மேல் ஏற்றிக்கொண்டார்கள். அவருடைய இரண்டு கால்களும் ஈரத்துணி மாதிரி தொங்கின. நான்கு பேர் தோளில் என் அண்ணன் கரையேறி வந்தார்.

கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். அவர் முகத்தில் பயமில்லை. ஆச்சரியம்தான் இருந்தது.

"ஏளா," என்றார், "அவரு சொன்னாருல்லா?"

அந்த நொடியில் எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. யார் மேல் என்றும் தெரியவில்லை. கடல் மேலா, அந்த வெள்ளைச் சட்டை மேலா, தோளில் தொங்கிக்கொண்டு அதிசயப்படுகிற இந்த மனிதர் மேலா. குசினியில் உட்கார்ந்து அர்த்தம் சொன்ன என் மேலா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். அழுத்த அறை ஒன்றில் வைத்துச் சிகிச்சை தர வேண்டும், அது சீக்கிரமாகக் கிடைத்தால்தான் பலன், அப்படி ஒன்று இருக்கிற ஊருக்குப் போய்ச் சேரவே நேரமாகும் என்றார். ஆம்புலன்ஸில் கொண்டுபோனோம். உயிர் நின்றது. இடுப்புக்குக் கீழே எதுவும் திரும்பவில்லை. கடல் அவர் உயிரை எடுக்கவில்லை. இன்று அவர் உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வந்து சேருகிறது. சோறு வருகிறது, தண்ணீர் வருகிறது, சிறுநீர்ப் பை வருகிறது. மூன்று வாக்கும் ஒரு எழுத்துப் பிசகாமல் நிறைவேறிவிட்டன.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்த வாரம் நான் தனியாக அந்த மாடிக்குப் போனேன். ஊழியக்காரர் ஒரு மேசையில் உட்கார்ந்து டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் யாரென்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். கையைக் கழுவிவிட்டு வந்து, வருத்தமான முகத்தோடு, "சகோதரி, ஜெபத்தில் இருக்கிறேன்" என்றார்.

"நீங்க சொன்னதை நம்பித்தான் அவர் இறங்கினார்."

"ஆழத்தில் இறங்கச் சொல்லி நான் சொன்னேனா சகோதரி? எனக்குக் காட்டப்பட்டதைச் சொன்னேன். வீடியோ இருக்கிறது. அதில் ஒரு வார்த்தை தவறியிருக்கிறதா, நீங்களே பாருங்கள்."

தவறவில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. பொய் சொல்லியிருந்தால் பொய்யன் என்று திட்டியிருப்பேன். அவர் ஒரு வெறும் சட்டியைக் கொடுத்தார். அதில் தன் ஆசையை எல்லாம் ஊற்றிக்கொண்டவர் என் அண்ணன்.

"அப்ப உங்களுக்கு இதுல பங்கே இல்லையா?"

"மகிமை எல்லாம் ஆண்டவருக்கே," என்றார்.

படியிறங்கி வரும்போது ஒன்று தோன்றியது. நான் நடத்தும் நாடகங்களில் வீரன் விழுகிறான். அவன் மனைவி விழுகிறாள், சிநேகிதன் விழுகிறான், நாடு விழுகிறது. வாக்குச் சொன்னவர்களை மட்டும் கடைசிக் காட்சியில் யாரும் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துவதில்லை. தங்கள் வேலையை முடித்துவிட்டு எங்கோ போய்விடுகிறார்கள். அது ஒரு கலை நுட்பம் என்று நானே பாடத்தில் சொல்லியிருக்கிறேன். நுட்பமாம்.

இங்கே அவர்கள் போய்விடவும் இல்லை. ஒன்றரை வருடம் கழித்து ஊழியக்காரரே வீட்டுக்கு வந்தார். அண்ணனைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டார். கடல் உயிரை எடுக்காது என்ற வாக்கு நிறைவேறியதற்கு அவர்தான் உயிருள்ள சாட்சியாம். அண்ணன் சரி என்றார். மைனி ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீல்சேரோடு அண்ணனை ஏற்றிப்போக ஒரு வேன் வந்தது. பின்னாலேயே நானும் போனேன்.

மேடையில் அண்ணனின் வீல்சேரை ஊழியக்காரர் பக்கத்தில் நிறுத்திவைத்து, அந்தப் பழைய வீடியோவைத் திரையில் போட்டார்கள். கூட்டம் கைதட்டியது. நான் எழுந்தேன்.

"இவரு காலு எங்க? அதையும் சாட்சியில சேருங்க," என்று கத்தினேன். "எண்ணி எண்ணி இறங்குன மனுசன் இவரு. எண்ணாம இறங்க வச்சது நீங்க சொன்ன வாக்கு!"

மைக் நின்றது. ஊழியக்காரர் என்னைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "இந்தச் சகோதரிக்குள் இருக்கிற கசப்பின் ஆவிக்காக எல்லோரும் கைகளை உயர்த்துங்கள்" என்றார். இருநூறு கைகள் என் பக்கம் நீண்டன. என்னைச் சுற்றி ஜெபிக்கத் தொடங்கினார்கள். ஒரு பெண் என் தலையில் கைவைத்தாள். தட்டிவிட்டேன். என் கோபத்துக்குக்கூட அங்கே ஒரு பேய்ப் பெயர் தயாராக இருந்தது.

அண்ணன் மேடையிலிருந்து, மைக் இல்லாமல், "உக்காருளா" என்றார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப அடம்பிடிக்கும்போது அதட்டுகிற அதே குரல். உட்கார்ந்தேன்.

திரும்பும்போது வேனில் ஏற மாட்டேன் என்று சொல்லி, ஒரு ஆட்டோவில் அவரைத் தூக்கி உட்காரவைத்து நானே கூட்டிவந்தேன். மடக்கிய வீல்சேர் என் மடியில்.

"எதுக்கு அங்க போறீங்க? இன்னுமா நம்புதீங்க?" என்று கேட்டேன்.

அவர் வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார். "அவரு சொன்னதுனால நடந்துதுன்னா, மேல இருந்து ஒருத்தரு என்னைப் பாத்துக்கிட்டு இருந்தாருன்னு ஆவுது. அவரு சும்மா சொன்னாருன்னு வச்சா, நானே எங்காலை ஒடிச்சிக்கிட்டேன்னுல்லா ஆவும். அத மடியில வச்சுக்கிட்டு நான் எப்படிளா இருப்பேன்?"

அந்த ஆட்டோவில் அவரைக் கட்டிப்பிடித்து அழவில்லை நான். கதையாக இருந்தால் அழுதிருப்பேன். எனக்குக் கோபம்தான் அதிகமானது. முட்டாள்தனத்தைச் சுமப்பது கஷ்டம் என்று தெய்வத்தைத் தூக்கி அதன்மேல் வைத்துக்கொண்டாரே என்று. அதையும் குறை சொல்ல முடியாதபடி உண்மையாகப் பேசிவிட்டாரே என்று.

அடுத்த ஞாயிறு காலை நான் அங்கேதான் இருந்தேன். குசினியில் உட்கார்ந்து சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. அண்ணனுக்குச் சட்டை மாற்றிவிட வேண்டிய மைனி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

"இன்னைக்கு வர மாட்டாவ," என்றார்.

"ஐயா காத்திட்டு இருக்காங்க," என்றான் டிரைவர்.

"காத்துட்டு இருக்கட்டும். இவுகளுக்குப் படுக்கைப் புண்ணு கழுவணும், குளிக்க ஊத்தணும். எனக்கு நாளைக்கு விடிய ஆறு மணிக்கு எறால் கம்பெனியில டூட்டி. வீட்டு வேலை கிடக்கு."

உள்ளே இருந்து அண்ணன் சத்தம் போட்டார். "ஏளா, வழிய விடு. நான் போவணும்." மைனி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கதவுநிலையில் ஒரு கையை வைத்து, வேன் போகும்வரை அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்து அண்ணனுக்குத் தண்ணீர் விளாவினார். அண்ணன் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். மைனி முதுகு தேய்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு குசினிக்கு வந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்தார்.

"நான் இவ்வளவு நாளு கத்துனேன். நீங்க ஒரு வார்த்தை பேசலையே மைனி," என்றேன்.

"ஒனக்கு மட்டுந்தான் கோவம்னு நினைச்சியா?" என்றார். "நீ கத்திட்டு பஸ் ஏறிப் போயிருத. நான் இங்கன கெடக்கணும். அதான் வேணுங்கிற நாளுக்குச் சேத்து வச்சிருந்தேன்."

அதற்கப்புறம் இரண்டு ஞாயிறு வேன் வந்தது. இரண்டு முறையும் மைனி அதே மாதிரி நின்றார். பிறகு வேன் வருவதில்லை. அண்ணன் இரண்டு வாரம் எங்கள் இருவரோடும் பேசவில்லை. சிநேகிதர் மட்டும் தினமும் மதியம் கரையேறியதும் வருவார். அண்ணனை அவர் ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. தெற்குப் பாரைப் பற்றி இருவரும் வாய் திறப்பதில்லை. இவர் சவரம் செய்துவிடுவார், அவர் கன்னத்தைத் திருப்பிக் கொடுப்பார். வலை, விலை, காற்று என்று பேசிக்கொள்வார்கள்.

போன வாரம் அண்ணன் என்னோடு பேசினார். நான் வைத்த சாளைக் குழம்பில் புளி கூடிவிட்டது என்றார். "கூடித்தான் போச்சு, தின்னுங்க," என்றேன். தின்றார். எனக்குக் கோபம் அப்படியே இருக்கிறது.